நாற்பத்தொரு சாம்பல் குதிரைகள்

ஏனோஸ் ஹாக்வுட்டின் கல்லறைக் கல்லில் பெயருக்குக் கீழே ‘குதிரைப்படை’ என்று வெட்டியிருக்கிறது. எங்கள் கென்டக்கி மலையில் அந்தக் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடிவதில்லை. அந்த மனிதர் குதிரைப்படையில் இருந்தது மொத்தம் ஐந்து மாதம். அதிலும் பாதி நாள் யாருடைய கிணற்றையாவது சுற்றிக்கொண்டிருந்தார். ஆனாலும் கல்லில் பொய் இல்லை. அவரும் பொய் சொன்னதில்லை, அதாவது பத்தொன்பது வயதுக்குப் பிறகு சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் ஒரே ஒரு பொய் சொன்னார். பக்கத்துத் தோட்டக்காரர் வந்து, “என் பன்றியப் பாத்தியா?” என்று கேட்டதற்கு, “பாக்கல” என்றார். அப்போதுதான் அதைத் தன் சோளக்கொல்லையிலிருந்து கல்லால் அடித்து விரட்டிவிட்டு வந்திருந்தார். எங்கள் பாப்டிஸ்ட் சபையில் இந்த மாதிரி வழக்கெல்லாம் சனிக்கிழமைக் கூட்டத்தில் வரும். ஏனோஸை நடுவில் நிறுத்தி விசாரித்து மூன்று மாதம் சபைக்கு வெளியே வைத்தார்கள். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பாட, இவர் மழையில் ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். அதோடு சரி. அதற்குப் பிறகு அவரிடம் எதைக் கேட்டாலும் உண்மைதான் வரும். இதை நல்ல குணம் என்று நினைக்கிறவர்கள் அவரோடு ஒரு வாரம் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் அவர் மனைவி டபிதா ரொட்டி சுட்டுக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் தன் சமையலைப் பற்றி அவரிடம் அபிப்பிராயம் கேட்டதே இல்லை.

அவர்கள் பிழைப்பு சோளப்பாகு. இனிப்புச் சோளத்தட்டையைக் கரும்பு போலப் பிழிந்து, சாற்றைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். பள்ளத்தாக்கு முழுவதுக்கும் ஆலை ஒன்றுதான், அது ஹாக்வுட் ஆலை. நட்டுவைத்த உருளைகளின் தலையில் நீளமாக ஒரு மரம் படுத்திருக்கும். அதன் முனையில் ஹெப்சியைக் கட்டியிருப்பார்கள். ஹெப்சி சாம்பல் நிறக் கிழட்டுப் பெண்குதிரை. குளம்பு ஒவ்வொன்றும் ரொட்டிச் சட்டி அகலம். ஆறு வருஷமாகச் செக்குமாடு மாதிரி அது சுற்றச் சுற்ற, டபிதா உருளைகளுக்கு நடுவே தட்டையைக் கொடுப்பாள். சாறு தகர வாளியில் விழும். நாற்பது சுற்றுக்கு ஒரு வாளி. நிறைந்ததும் கரண்டியால் வாளியில் ‘டங்’ என்று ஒரு தட்டு தட்டுவாள். ஹெப்சி நின்றுவிடும். அந்தச் சத்தம் கேட்காமல் ஹெப்சியை நிறுத்த நாலு ஆள் வேண்டும்.

வடக்கு மாநிலங்களுக்கும் தெற்கு மாநிலங்களுக்கும் போர் மூண்டு இரண்டு வருஷம் கழித்து, ஒரு வசந்த காலத்தில், வடக்குப் படைக்கு ஆள் சேர்க்கிறவர் எங்கள் மலைக்கு வந்தார். அடிமைகளை வைத்துப் பருத்தி விளைவிக்கிற தெற்குப் பெரிய வீட்டுக்காரர்களுக்காகச் சாக எங்கள் மலையில் யாருக்கும் ஆசை இல்லை. வடக்குக்காகச் சாகவும் அவ்வளவாக இல்லை. வந்தவர் ஏனோஸிடம் கேட்டார்.

“நீ நாடு ஒண்ணா இருக்கணும்ங்கிற கட்சியா?”

“ஆமா.”

“ஒடம்புல நோய் நொடி உண்டா?”

“இல்ல.”

“சொந்தக் குதிரை இருக்கா?”

“இருக்கு.”

“அப்ப இங்க ஒரு கையெழுத்துப் போடு.”

மூன்று கேள்வியில் முப்பத்தொன்பது வயது மனிதர் குதிரைப்படை வீரர் ஆகிவிட்டார். வேறு யாராக இருந்தாலும் முதுகுவலி என்றாவது சொல்லியிருப்பார்கள்.

டபிதா அழவில்லை. வாசலில் நின்று ஹெப்சியின் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னாள். “இங்க பாருங்க. செப்டம்பர்ல தட்டை வெட்டு. அதுக்குள்ள இவளோட வந்து சேருங்க. குதிரை இல்லாம வர்றதா இருந்தா வராதீங்க.”

“சரி” என்றார் ஏனோஸ். மற்ற புருஷன்மார் சொல்லும் ‘சரி’ வேறு, இவர் சொன்ன ‘சரி’ வேறு. இது கோர்ட்டில் பைபிள்மேல் கை வைத்துச் சொன்னதற்குச் சமம்.

படையில் ஒரு விதி இருந்தது. குதிரையை அவரவரே கொண்டுவர வேண்டும். குதிரை செத்தாலோ தொலைந்தாலோ அவன் அன்றைக்கே காலாட்படை. ஏனோஸின் படைப்பிரிவில் இருபத்துநான்கு பேர். அதற்குத் தலைவர் கேப்டன் கிராப்ட்ரீ என்ற வக்கீல். போர் முடிந்ததும் தேர்தலில் நிற்கப்போகிறவர் என்பதால் எதைச் செய்தாலும் அது பத்திரிகையில் எப்படிப் படிக்கப்படும் என்று யோசித்துத்தான் செய்வார்.

முதல் நாள் அணிவகுப்பிலேயே வினை வந்தது. ஒரு பண்ணை வீட்டில் ஏற்றக்கிணறு இருந்தது. நட்ட கம்பம், அதன் தலையில் குறுக்கே நீளமாக மரம். ஹெப்சி அதைப் பார்த்தது. அணியை விட்டு விலகியது. கிணற்றைச் சுற்ற ஆரம்பித்தது. மேலே உட்கார்ந்திருந்த ஏனோஸ் தொப்பியைக் கழற்றிப் பண்ணைக்காரம்மாவுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வணக்கம் சொன்னார். பிறகு அவர் விஷயத்தைச் சொன்னதும், ஒரு சிப்பாய் தன் தகரக் குவளையைக் கத்தியால் தட்டினான். ஹெப்சி நின்றது. அதிலிருந்து ஏற்றக்கிணறு கண்ணில் பட்டால் போதும், இருபத்துமூன்று பேரும் கேட்காமலே குவளையைத் தட்டுவார்கள். தாங்கள் வருவது எதிரிக்கு இரண்டு மைல் முன்னாலேயே தெரிந்துவிடுகிறது என்று கேப்டன் குமைந்தார்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் அவர் ஏனோஸைக் கூப்பிட்டார். “ஹாக்வுட்டு, இதோட ஒம்பது கிணறு. இன்னொரு தரம் உன் குதிரை எதையாவது சுத்துச்சு, அது சமையல் வண்டி இழுக்கப் போகும், நீ காலாட்படைக்குப் போவ. புரியுதா?”

“புரியுது கேப்டன்.”

“இனிமே சுத்தாதுன்னு சொல்லு.”

“அதச் சொல்ல முடியாது கேப்டன். சுத்தும்னுதான் நினைக்கிறேன்.”

சமையல் வண்டிக்குப் போன குதிரைகள் ஒரு குளிர்காலம் தாண்டியதில்லை. ஏனோஸுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. செப்டம்பர் வர ஒரு வாரம்தான் இருந்தது.

அந்த வாரத்தில்தான் பிளம் ஓடைத் தாக்குதல். மலைக்கு அந்தப் பக்கம் தெற்குப் படைக்குச் சோறும் தோட்டாவும் கொண்டுபோகிற ரயில்பாதை ஓடியது. பிளம் ஓடையில் ஒரு மரப்பாலம், ரயில் இன்ஜினுக்குத் தண்ணீர் விடும் தொட்டி, அவற்றைக் காக்க மரக்கட்டைகளை நட்டுக் கட்டிய ஒரு சிறு கோட்டை. பாலத்தையும் தொட்டியையும் எரித்துவிட்டு வர வேண்டும். மூன்று நாள் மலையேறிப் போனார்கள். சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காகக் கேப்டன் எல்லோருடைய தகரக் குவளைகளையும் தட்டுகளையும் பிடுங்கி, சாக்கில் கட்டி, மலையிலேயே ஒரு பாறைக்குக் கீழே வைத்துவிட்டார். ஏனோஸ் வாயைத் திறந்தார். கேப்டன் கேட்காததால் மூடிக்கொண்டார்.

விடிகிற நேரத்தில் ஓடையிலிருந்து பனிமூட்டம் எழுந்து எல்லாவற்றையும் மூடியிருந்தது. மேட்டில் நின்றுகொண்டு கேப்டன் கிசுகிசுத்தார். “உள்ள எத்தன பேருன்னு தெரியணும். ஹாக்வுட்டு, நீ போ. உன் குதிரையும் பனி நிறம். கிட்டப் போயி எண்ணிட்டு வா.”

“எம் குதிரை போனா...”

“போனா போகட்டும். வேற எந்தக் குதிரைய அனுப்பச் சொல்ற?”

தொலைந்தாலும் நஷ்டமில்லாத குதிரை என்பதுதான் உள்ளபடியான காரணம் என்று ஏனோஸுக்கும் தெரியும். ஹெப்சியை மெல்ல நடத்திக்கொண்டு இறங்கினார். பனியில் கைக்கெட்டும் தூரம்கூடத் தெரியவில்லை. பன்றிக்கொழுப்பு வறுபடும் வாசனை வந்தது. யாரோ இருமினார்கள். கோட்டை பக்கத்தில்தான். நிற்கலாம் என்று அவர் கடிவாளத்தை இழுத்த நேரத்தில், பனி ஓரிடத்தில் கொஞ்சம் விலகியது.

எதிரே தண்ணீர்த் தொட்டி. உயரமான மரக்கால்கள் மேல் உருண்டையாக நின்றது. அதன் தலையிலிருந்து, இன்ஜினுக்குத் தண்ணீர் விடும் நீண்ட குழாய் குறுக்கே படுத்திருந்தது.

“ஹெப்சி, வேண்டாம்டி” என்றார் ஏனோஸ்.

ஹெப்சி பெருமூச்சு விட்டது. மூன்று நாளாக மலையில் வேலையில்லாமல் அலைந்த குதிரை, கடைசியில் ஒழுங்கான ஆலை ஒன்றைக் கண்டுவிட்ட நிம்மதி அதற்கு. தொட்டியை இடப்பக்கம் விட்டுச் சுற்ற ஆரம்பித்தது.

கத்த முடியாது. தட்டத் தகரம் இல்லை. ஏனோஸ் கடிவாளத்தைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தார், அது பாட்டுக்கு நடந்தது. தொட்டிக்கு ஒரு பக்கம் இன்ஜினுக்கான விறகு ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தது. மறுபக்கம் நாற்பது அடியில் கோட்டை. விறகுக்குப் பின்னாலிருந்து வெளியே வருவார், கோட்டை முன்னால் போவார், தொட்டிக்குப் பின்னால் மறைவார், மறுபடியும் விறகுக்குப் பின்னாலிருந்து வருவார். இறங்கி ஓடியிருக்கலாம். ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணம் வந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டபிதா வாசலில் நின்று சொன்னதும் கூடவே வந்தது. இறங்கினால் ஹெப்சி எதிரிக்கு. ஹெப்சி இல்லாமல் வீடு இல்லை. அதனால் உட்கார்ந்தே இருந்தார். ஆலைப் பழக்கத்தில் வாய் தானாகச் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தது.

கோட்டைக்குள் அந்நேரம் நடந்ததை, பிற்பாடு பர்வில் என்ற ஜார்ஜியாச் சிப்பாய் சொல்லித்தான் எங்களுக்கெல்லாம் தெரியும். உள்ளே முப்பத்தேழு பேர். அவர்களுக்குத் தலைவர் சார்ஜெண்ட் ஓட்மார் கிளெங்க். ஜெர்மன்காரர். ஊரில் பன்னிரண்டு வருஷம் ராஜாவின் குதிரைப்படையில் இருந்துவிட்டு, ஜார்ஜியாவுக்கு வந்து தகரப் பாத்திரம் செய்து விற்றவர். அவருடைய பழைய படையில் குதிரைகளை நிறம் பார்த்துப் பிரித்திருந்தார்கள். ஒரு பிரிவு முழுக்கக் கறுப்பு, ஒரு பிரிவு முழுக்கச் செம்பழுப்பு, இப்படி. இந்த நாட்டுக் குதிரைப்படையைப் பார்க்கும்போதெல்லாம் சந்தைக்குப் போகிற கூட்டம் என்று காறித் துப்புவார். எங்கள் பாஷையைப் பைபிள் படித்தே கற்றுக்கொண்டவர் என்பதால் பேச்சும் அப்படியே வரும்.

மரச்சுவரில் துப்பாக்கி நீட்டும் பிளவு வழியாகப் பர்வில் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார்ஜெண்ட், பனிக்குள்ள ஒரு குதிரைக்காரன் போறான்.”

முப்பத்தேழு துப்பாக்கியும் பிளவுக்கு வந்தன. கிளெங்க் கையை உயர்த்தினார். “பிள்ளைகளே, சுடாதிருங்கள். ஒருவன் வந்தால் அவன் பின்னே அநேகர் உண்டு. முதலாவது எண்ணுங்கள்.”

“ரெண்டாவது ஆளு போறான். மூணாவது. சார்ஜெண்ட், மூணும் சாம்பக் குதிரை.”

கிளெங்க் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன நிறம் என்றாய்?”

“சாம்பல். நாலாவதும் சாம்பல்.”

கிளெங்க் பர்விலைத் தள்ளிவிட்டுத் தானே பிளவில் கண்ணை வைத்தார். ஐந்தாவது சாம்பல் குதிரை, அவசரமே இல்லாமல், கோட்டைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல் போனது. பிறகு ஆறாவது. கிளெங்க்கின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது என்று பர்வில் சத்தியம் செய்வான்.

“ஏழாவது ஆளுக்குத் தொப்பி இல்ல சார்ஜெண்ட்.”

தொப்பி கீழே விழுந்தது ஏனோஸுக்குத் தெரியும், எடுக்கத்தான் வழியில்லை. கிளெங்க் அதற்கும் காரணம் வைத்திருந்தார். “அதிகாரிகள் கடந்துபோயினர். இவர்கள் சாதாரண வீரர்கள்.”

“பன்னெண்டாவது ஆளு கோட்டக் கழட்டிக் குதிரை மூஞ்சில போத்திருக்கான்.”

கண்ணை மறைத்தால் நிற்கும் என்று ஏனோஸ் செய்து பார்த்தது அது. ஆலைக் குதிரைக்குக் கண்ணைக் கட்டினால் இன்னும் நன்றாகச் சுற்றும் என்பது பதற்றத்தில் மறந்துபோயிருந்தது.

கிளெங்க்கின் முகம் வெளுத்தது. “பீரங்கி வெளிச்சத்துக்கு மிரளாதபடி அவ்விதம் செய்வார்கள். பீரங்கியும் வருகிறது.”

“வாய்க்குள்ள என்னமோ சொல்லிட்டே போறாங்க. எல்லாரும்.”

“ஜெபம்பண்ணுகிறார்கள். சாவுக்கு அஞ்சாதவர்கள்.”

இருபத்தாறாவது சுற்றில் ஏனோஸ் திரும்பி உட்கார்ந்து, வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

“சார்ஜெண்ட், இருபத்தாறாவது ஆளு வாலப் பாத்து ஒக்காந்து போறான்.”

“அது பின்காவல்” என்றார் கிளெங்க் மெல்ல. “பின்னாலே சத்துரு வருகிறானா என்று பார்த்துக்கொண்டு போகிறவன். இதை நான் வாலிபத்தில் கேள்விப்பட்டிருக்கிறேன், கண்டதில்லை.”

“பின்காவலுக்கு அப்பறமும் வர்றாங்களே.”

“அது முந்தின பிரிவின் பின்காவல். இது அடுத்த பிரிவு. மூடனே, எண்ணு.”

நாற்பது வந்ததும் கிளெங்க் உட்கார்ந்தார். கணக்கு அவருக்குத் தெளிவாகிவிட்டது. சாம்பல் பிரிவே நாற்பது என்றால் கறுப்பு உண்டு, செம்பழுப்பு உண்டு, மஞ்சள்கூட உண்டு. இருநூறு பேராவது இருக்கும், பீரங்கி தனி. அவரிடம் முப்பத்தேழு பேர், ஆளுக்குப் பத்துத் தோட்டா. “பிள்ளைகளே, நீங்கள் தாய்மாரிடத்துக்குத் திரும்பிப் போகவேண்டும்” என்றார். “சரணடைவோம். ஆனால் முறைப்படி. முரசறைந்துதான் பேச்சுக்குப் போகவேண்டும்.”

“முரசு இல்லையே சார்ஜெண்ட்.”

பன்றிக்கொழுப்பு வறுத்த இரும்புச் சட்டி இருந்தது. கிளெங்க் கதவைத் திறந்து, மாவுச் சாக்கைத் துப்பாக்கி நுனியில் கட்டிப் பர்விலிடம் கொடுத்துவிட்டு, தானே சட்டியை எடுத்துக் கரண்டியால் ஓங்கி அறைந்தார்.

டங்.

நாற்பத்தொன்றாவது சுற்றில், கோட்டை வாசலுக்கு நேர் எதிரே, ஹெப்சி ஆணி அடித்த மாதிரி நின்றது.

“என்ன ஒழுங்கு” என்றார் கிளெங்க்.

சட்டையோடு, தொப்பி இல்லாமல் உட்கார்ந்திருந்த ஏனோஸுக்குத் தலை சுற்றியது. எதிரே நரைமீசைக்காரர் ஒருவர் நெஞ்சை நிமிர்த்தி ஒரு கையில் சட்டியோடு சல்யூட் அடித்துக்கொண்டிருந்தார்.

“ஐயா, நாங்கள் சரணடைகிறோம். உம்முடைய தளபதி எங்கே?”

“பின்னால வர்றாரு” என்றார் ஏனோஸ்.

“நாற்பத்தொரு சாம்பல் குதிரைகளை நான் எண்ணினேன். அது மெய்தானா?”

“நானும் நாப்பத்தொண்ணுதாங்க எண்ணினேன்.”

“அத்தனையும் ஒரே நிறமா?”

“நான் பாத்த வரைக்கும் ஒரே நிறந்தாங்க.”

இவ்வளவுதான் கேட்டார், இவ்வளவுதான் சொன்னார். முப்பத்தேழு பேரும் துப்பாக்கியைக் குவித்துவிட்டு வரிசையாகப் புல்லில் உட்கார்ந்தார்கள். ஏனோஸுக்கும் ஒரு கோப்பை காபி கொடுத்தார்கள். வறுத்த ஓக் கொட்டைப் பொடிதான், காபி என்று பெயர். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னார்.

மேட்டில் இருந்த கேப்டனுக்குச் சட்டிச் சத்தம் கேட்டது. ஹெப்சி மறுபடியும் எதையோ சுற்றிவிட்டது என்பது உடனே புரிந்தது. எல்லாம் போயிற்று என்று வாளை உருவிக்கொண்டு, மிச்ச இருபத்துமூன்று பேரோடு, தொண்டை கிழியக் கத்திக்கொண்டு பாய்ந்து வந்தார். காபி குடித்துக்கொண்டிருந்த முப்பத்தேழு பேரும் மரியாதைக்கு எழுந்து நின்றார்கள்.

கிளெங்க் வந்தவர்களைப் பார்த்தார். கறுப்பு, பழுப்பு, புள்ளி, ஒரு கோவேறு கழுதை. “சாம்பல் பிரிவு எங்கே போயிற்று?” என்று ஏனோஸைக் கேட்டார்.

ஏனோஸ் வாயைத் திறந்தார். கேப்டனுக்கு எதுவும் புரியவில்லை, ஆனால் தன் கட்சிக்காரன் கூண்டில் ஏறி உளறப்போகிறான் என்பது வக்கீலுக்குத் தெரியாதா. “ஹாக்வுட்டு, போயி குதிரைக்குத் தண்ணி காட்டு.”

“தொட்டிலயா கேப்டன்?”

“ஓடைல.”

அன்றைக்கே பாலமும் தொட்டியும் எரிந்தன. தொட்டி விழுந்தபோது ஹெப்சி தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றது. இனிச் சண்டைக்கு வரமாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டுச் சிறைப்பட்டவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அந்தப் போரில் அது வழக்கம்தான். முகாமுக்குத் திரும்பும் வழியில் கேப்டன் ஏனோஸிடமிருந்து முழுக்கதையையும் வாங்கினார். அரை மைல் போனதும் கேட்டார்.

“வியாழக்கெழம கர்னல் வர்றாரு. ஒவ்வொரு ஆளையும் கூப்பிட்டு விசாரிப்பாரு. நான் வாள உருவிட்டுப் பாஞ்சேனே, அதச் சொல்லுவியா?”

“சொல்லுவேன் கேப்டன். நல்லாத்தான் பாஞ்சீங்க.”

“அவ்வளவோட நிறுத்திக்குவியா?”

“அப்ப அவங்க என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னு கர்னல் கேட்டா, காபி குடிச்சாங்கன்னு சொல்லணும்.”

“நீ காலாட்படைக்குப் போயிரு.”

“போறேன். கர்னல் காலாட்படைக்காரருதானே, அடிக்கடி பாப்பேன்.”

கேப்டன் ஏனோஸை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் கள்ளம் துளிக்கூட இல்லை. மனிதர் நிஜமாகவே தகவல்தான் சொல்லிக்கொண்டிருந்தார். புதன்கிழமை காலையில் கேப்டன் தன் கையாலேயே ஒரு காகிதம் எழுதினார். ‘இந்தக் குதிரை போருக்கு உதவாது. இதைப் பிரிந்து இதன் சொந்தக்காரனும் உதவமாட்டான். இருவரும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார்கள்.’ பிளம் ஓடையில் அவர் வாளோடு பாய்ந்து முப்பத்தேழு பேரைப் பிடித்த செய்தி பத்திரிகையில் வந்தது, பிற்பாடு தேர்தலிலும் ஜெயித்தார். அது வேறு கதை.

செப்டம்பர் ஆறாம் தேதி ஏனோஸ் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். டபிதா முதலில் ஹெப்சியின் நாலு குளம்பையும் தூக்கிப் பார்த்தாள், பல்லைப் பார்த்தாள். அப்புறம்தான் புருஷனைப் பார்த்தாள். “எளச்சுட்டீங்க” என்றாள். மறுநாள் ஆலை ஓடியது. போரில் என்ன செய்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. அனுபவசாலி. அவரும் சொல்லவில்லை.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்து, தட்டை வெட்டுக் காலத்தில், மலைப்பாதையில் தகரப் பாத்திர வண்டி ஒன்று வந்தது. வியாபாரி வருவதை அறிவிக்க ஒரு வாளியை ‘டங்’ என்று தட்டினார். ஆலையில் ஹெப்சி நின்றுவிட்டது. கையில் பாதித் தட்டையோடு டபிதா கத்தினாள். “எவன்டா அது, வேல நேரத்துல தகரத்தத் தட்டுறது?”

வண்டியிலிருந்து இறங்கியது கிளெங்க். ஏனோஸ் அவரைப் பார்த்ததும் கொதிக்கும் பாகுக் கொப்பரைக்குப் பின்னால் மறையப் பார்த்தார். ஆள் உயரம், கொப்பரை குட்டை.

டபிதா நாக்கைச் சொடுக்கினாள். ஹெப்சி மறுபடி சுற்றத் தொடங்கியது. கிளெங்க் நின்று பார்த்தார். உதடு அசைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்து வரைக்கும் எண்ணிவிட்டு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏனோஸிடம் வந்தார்.

“ஐயா, அந்தக் காலையிலே நீங்கள் எத்தனை பேர்?”

“ஒருத்தன்.”

“தொப்பி இல்லாதவன்?”

“நாந்தான்.”

“பின்காவல்?”

“அதுவும் நாந்தான். மன்னிச்சிருங்க.”

கிளெங்க் விறகுக் கட்டைமேல் உட்கார்ந்தார். சிரிப்பாரா அழுவாரா என்று ஏனோஸுக்குத் தெரியவில்லை. “என் வாழ்நாளில் இந்த தேசத்திலே கண்ட ஒரே நல்ல குதிரைப்படை அது” என்றார் கிளெங்க். பிறகு மெதுவாகச் சொன்னார். “முப்பத்தேழு துப்பாக்கிகள் உம்முடைய நெஞ்சுக்கு நேரே இருந்தன. ஒவ்வொரு சுற்றிலும். நிறம் மட்டும் ஒத்திராவிட்டால் ஐந்தாம் சுற்றிலே சுடச் சொல்லியிருப்பேன்.”

நாலு வருஷம் தாமதமாக ஏனோஸுக்கு அப்போதுதான் பயம் வந்தது. அவர்கள் எண்ணினார்கள் என்பதுதான் இத்தனை நாளும் தெரியும், குறிபார்த்துக்கொண்டே எண்ணினார்கள் என்று நினைக்கவே இல்லை. கிளெங்க் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

டபிதா தட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்தாள். கதையை அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. “துப்பாக்கி முன்னாலயா சுத்துனீங்க? நாப்பத்தொரு தரமா?”

“ஆமா.”

“எறங்கி ஓடறதுக்கென்ன?”

“குதிரை இல்லாம வராதீங்கன்னு சொன்னியே.”

டபிதா இடுப்பில் கட்டியிருந்த துணியால் முகத்தை ஒரு தரம் அழுத்தித் துடைத்தாள். பாகுச் சூடு என்று யாரும் கேட்காமலே சொன்னாள். பிறகு “சொன்னா அப்படியே கேக்கறதா மனுசன்” என்று ஏனோஸின் தோளில் ஒரு அடி வைத்தாள். அந்தக் கையை அவள் உடனே எடுக்கவில்லை.

அதற்குப் பின் அவள் கிளெங்க்கின் வண்டிக்குப் போய் ஒரு வாளியைத் தட்டிப் பார்த்தாள். ஆலையில் ஹெப்சி நின்றது. விலை கேட்டாள். கிளெங்க் சொன்ன விலையை அப்படியே கொடுத்தாள். டபிதா ஹாக்வுட் தன் வாழ்நாளில் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அந்த வாளிதான்.